குன்றிமணியும் மில்லிகிராமும்

ஆலய நகைகளின் எடையைப் பற்றி இம்மலரில் எழுதுமாறு நிர்வாக சபையினர் என்னைப் பணித்ததற்குக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு நகைக் கணக்கெடுப்பின்போது அம்பாளின் காசுமாலையில் ஏறக்குறைய ஒரு கிராம் குறைவதாகத் தெரிய வந்தது. பதிவேட்டில் 97.404 கிராம், மின்னணுத் தராசில் 96.42 கிராம். இச்செய்தி ஊர் முழுவதும் பரவ ஒரே ஒரு வெள்ளிக்கிழமை போதுமானதாக இருந்தது. பல்லாண்டுகள் பெட்டகச் சாவியைப் பொறுப்புடன் வைத்திருந்த முன்னாள் பொருளாளர் இன்று நம்மிடையே இல்லை. அவர்தம் துணைவியார் விளக்குப் பூசைக்கு வருவதையே நிறுத்திக்கொண்டார்.

கணக்கு வாத்தியாராக இருந்தவன் என்பதால் பழைய ஏடுகளை என்னிடம் ஒப்படைத்தார்கள். மாலை காணிக்கையாக வந்த நாளில் எழுதிய முதற் பதிவில் கிராம் என்ற சொல்லே இல்லை. "பவுன் 12, குன்றிமணி 5" என்று மட்டும் இருந்தது. பத்தர் தராசின் ஒரு தட்டில் மாலையையும் மறு தட்டில் தங்கக் காசுகளையும் வைத்து, மிச்சத்துக்குக் குன்றிமணி போட்டிருக்கிறார். அக்காலத்தில் அதுவே முறை.

முதலில் பவுனைப் பார்ப்போம். நம் நகைக்கடைகளில் ஒரு பவுன் 8 கிராம் என்பது வழக்கு. ஆனால் பவுன் என்பது 1817 முதல் இங்கிலாந்தில் அச்சிடப்பட்ட சவரன் காசு. அதன் சட்டப்படியான எடை 7.988 கிராம், அதாவது 7,988 மில்லிகிராம். (ஒரு கிராம் 1,000 மில்லிகிராம் என்பதை நம் வீட்டுப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.) ஒரு பவுனுக்கு 12 மில்லிகிராம் வித்தியாசம். மோதிரம் வாங்குகிறவர் இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. பன்னிரண்டு பவுனுக்கோ அது 144 மில்லிகிராம் ஆகிவிடுகிறது. ஒரு குன்றிமணிக்கும் அதிகம்!

அடுத்தது குன்றிமணி. சிவப்பு உடம்பும் கறுப்புக் கண்ணும் உடைய கொடி விதை அது. விநாயகர் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைப்போமே, அதுதான். (விஷமுள்ளது, குழந்தைகள் கையில் கொடுத்துவிடாதீர்கள்.) விதைக்கு விதை எடை மாறும் என்பதால் பிரிட்டிஷ் இந்தியாவில் 96 குன்றிமணி ஒரு தோலா, ஒரு தோலா 180 கிரெயின் என்று வரையறுத்தார்கள். ஒரு கிரெயின் 64.8 மில்லிகிராம். பெருக்கி வகுத்தால் ஒரு குன்றிமணி 121.5 மில்லிகிராம்.

இங்கேதான் தவறு நேர்ந்தது. 1972-ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டத்துக்குப் பிறகு நாடு மெட்ரிக் முறைக்கு மாறியபோது, நம் ஏட்டையும் யாரோ ஒருவர் மாற்றி எழுதியிருக்கிறார். மலாயாவில் பொன் நிறுக்க வேறொரு வாய்பாடு இருந்தது: 12 சாகா ஒரு மாயம், 16 மாயம் ஒரு பூங்கால். அந்தச் சாகா பள்ளி வளாகங்களில் உதிர்ந்து கிடக்கும் முழுச் சிவப்பு விதை; நம் மஞ்சாடி. அதன் எடை 280.8 மில்லிகிராம், குன்றிமணியைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். மலாய்க்காரர்கள் குன்றிமணிக் கொடியையும் 'ஆக்கார் சாகா' என்று சொல்வதுண்டு. எழுதியவர் இரண்டும் ஒன்றென்று எண்ணிவிட்டார் போலும். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை; நானே முதல் நாள் அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

அவர் போட்ட கணக்கு: 12 பவுனுக்கு 96 கிராம், 5 சாகாவுக்கு 1.404 கிராம், ஆக 97.404. சரியான கணக்கு: பவுனுக்கு 95.857, குன்றிமணிக்கு 0.607, ஆக 96.464 கிராம். ஏட்டில் மிகையாக ஏறியிருந்தது 940 மில்லிகிராம். மாலையிலிருந்து யாரும் எதையும் எடுக்கவில்லை.

மீதி 44 மில்லிகிராம் எங்கே என்று கூட்டத்தில் ஓர் அன்பர் கேட்டார். நல்ல கேள்வி. குன்றிமணியில் பாதிகூட இல்லாத எடை அது. ஆண்டுதோறும் திருவிழாவுக்குமுன் பூந்திக்கொட்டை நீரில் தேய்த்துக் கழுவுகிறோம்; காசுகள் ஒன்றோடொன்று உராய்கின்றன. பத்தர் தராசும் அவ்வளவு நுட்பமாகக் காட்டியிருக்காது. ஏட்டில் அதைத் 'தேய்மானம்' என்று எழுதி ஐவர் கையொப்பமிட்டோம்.

இனி நகை காணிக்கை செலுத்தும் உபயக்காரர்கள் கடை ரசீதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டுகிறோம். உங்கள் முன்னிலையிலேயே நிறுத்து, மில்லிகிராம் வரை எழுதித் தருவோம். பழைய பதிவுகளில் இன்னும் 23 நகைகளுக்குக் கணக்குப் பார்க்க வேண்டியுள்ளது. தாஹில் கணக்கில் உள்ளவையும் சில உண்டு.

திருத்திய பக்கத்தின் படி ஒன்றை எடுத்துக்கொண்டு அந்த அம்மையாரின் வீட்டுக்கு நானே சென்றேன். கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசி எண் வரை படித்தார். "வாத்தியாரையா, இதை நான் வச்சிக்கலாமா?" என்று கேட்டார். மறு வெள்ளிக்கிழமை விளக்குப் பூசையில் அவரைக் கண்டேன்.