முத்துக் கடலில் மூழ்கும் மாதர்

கொற்கைத் துறையின் முத்தை மதுரைக்காஞ்சி முதலிய பழநூல்கள் புகழ்ந்துரைத்தலை நம் மாணவர் நன்கறிவர். அம்முத்தைக் குளித்தெடுத்தோர் ஆடவர். சலாபக் காலத்தில் ஒருவன் கல்லின் துணையால் கடலுள் இறங்க, தோணியில் நின்ற மற்றொருவன் கயிற்றைப் பற்றியிருப்பான். மனைவியின் உடன்பிறந்தானையன்றிப் பிறரை நம்பிக் கயிற்றை ஒப்புவியார் என்று ஒரு வழக்குரை உண்டு. தங்கையின் தாலியை அவன் காப்பான் அன்றோ! பெண்ணுக்கு அத்தொழிலில் இருந்த இடம் அத்துணையே. தூத்துக்குடியில் இறுதிச் சலாபம் 1961 ஆம் ஆண்டில் நடைபெற்றது.

முத்துக்குளித்தல் நின்றதெனினும் மூழ்குந்தொழில் ஒழியவில்லை. தூத்துக்குடியில் ஆடவர் சங்கு குளிக்கின்றனர். அதே மன்னார் வளைகுடாவின் வடக்குக் கோடியில், பாம்பனை அடுத்த சின்னப்பாலம் முதலிய ஊர்களிலோ, மூழ்குவோர் மாதர். அவர் எடுப்பது கடற்பாசி. மரிக்கொழுந்து என்று அவர்கள் அழகாகப் பெயரிட்டழைக்கும் பாசியிலிருந்து அகர் என்னும் பொருளை வடிப்பர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியச் சரக்கு வருதல் நின்றபின்னரே இந்நாட்டில் அகர் பற்றிய ஆராய்ச்சி வலுப்பெற்றது. ஆய்வுக்கூடத்தில் நுண்ணுயிர்களை வளர்க்கும் தட்டுக்களில் நம் விஞ்ஞான மாணவர் நாள்தோறும் காண்பது அகரே. அதன் பின்னே ஒரு பெண்ணின் அடக்கிய மூச்சு இருத்தலை எண்ணிப் பார்ப்பவர் சிலர்.

அம்மாதர்க்கு மூச்சுக் கருவி ஏதுமில்லை. கண்ணுக்கு ஒரு கண்ணாடி. பாறை கிழியாதிருக்க விரல்களிற் சுற்றிய துணி. காலில் ரப்பர்ச் செருப்பு. சேலையின்மேல் ஓர் ஆண் சட்டை. தீவுகளின் அருகே படகினின்று இறங்கி, மூழ்கியும் எழுந்தும் பாசியைக் கையாற் பறித்துப் பையில் நிரப்புவர். தாயும் பாட்டியும் செய்த தொழில் இது.

1986 இல் தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடைப்பட்ட 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. பவளப்பாறைகளைக் காப்பது வேண்டுவதே. அதனை யான் மறுக்கவில்லை. ஆயின் அங்குப் பிழைத்த பெண்டிர் ஒரே நாளில் அத்துமீறுவோர் ஆயினர். கடலோரத்தார் என்பதால் ஓர் இகழ்ச்சி, பெண்டிர் என்பதால் மற்றோர் இகழ்ச்சி. இங்கே ஓர் இலக்கணக் குறிப்பு: மீனவர் என்பது பலர்பாற் சொல், ஆண் பெண் இருபாலார்க்கும் பொது. வழக்கிலோ அஃது ஆடவரையே சுட்டி நிற்கின்றது. சொல்லில் இடம் பெறாதார்க்குச் சட்டத்தில் இடம் கிடைப்பது எளிதோ?

இம்மகளிர் ஒன்றுகூடினர். சின்னப்பாலத்து இலட்சுமி மூர்த்தி அவர்களை முன்னின்று நடத்தினார். பிறர் விதிக்குமுன் தமக்குத் தாமே விதி வகுத்துக்கொண்டு, திங்களுக்கு 12 நாளே பாசி எடுப்பதென முடிவு செய்தனர். பாசி தழைத்தாலன்றித் தம் பிழைப்பு இல்லை என்பதை அதிகாரிகளினும் அவர் நன்கறிந்திருந்தனர். கடலைக் காப்பவரும் தாமே என்பதை இவ்வாறு காட்டி, தம் உரிமையைக் கேட்டனர். 2015 இல் அமெரிக்காவிலுள்ள சீகாலஜி என்னும் அமைப்பு அவ்வம்மையார்க்கு 10,000 டாலர் பரிசளித்தது. மன்னார்க் கடலில் மூழ்கும் பெண்கள் உளர் என்பதை நம்மவருட் பலர் அதன் பின்னரே அறிந்தனர்!

கொரியாவைச் சார்ந்த ஜேஜுத் தீவிலும் ஹேனியோ எனப்படும் மூழ்கு மகளிர் உளர். அந்நாடு ஜப்பானியர் ஆட்சியில் இருந்தபோது, அவர் வசமிருந்த கூட்டுறவுச் சங்கம் இம்மாதரின் விளைபொருளுக்கு உரிய விலை தராது ஏமாற்றியது. அந்நியரால் அடக்கப்பட்ட இனத்தார், அவருள்ளும் பெண்டிர். பள்ளிப்படிப்பும் பலர்க்குக் குறைவு. எனினும் 1932 இல் அவர்கள் பாசி அறுக்கும் அரிவாளும் கையுமாக ஊர்வலம் வந்து அதிகாரியை வழிமறித்தனர், சிறையும் சென்றனர். 2016 இல் யுனெஸ்கோ அவர்களுடைய மரபை மானிட குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது.

நம் கரையில் அத்தகைய பெயர்ப்பதிவு ஏதும் நிகழவில்லை. காலையில் படகேறும் மாதர் மாலையில் ஈரச் சேலையுடன் திரும்பி, பாசியை மணலிற் பரப்பி உலர்த்துகின்றனர். அது காய்ந்தபின் வியாபாரி வந்து எடை பார்க்கின்றார். விலையையும் அவரே கூறுகின்றார்.