சோதனையைச் சோதித்தல்

உடலினுள் மறைந்து வளரும் நோயைக் கண்ணாற் காணுதல் அரிது. ஆயினும், நோயுற்ற காலத்துக் குருதியிற் சில பொருள்கள் மிகுதலும் குறைதலும் உண்டு. அவற்றை அளந்து நோயை உய்த்துணர்வர். அத்தகைய பொருளை நோய்க்குறிப்பொருள் எனலாம். பொற்கொல்லன் பொன்னின் மாற்றை உரைகல்லில் உரைத்துக் காண்பான். உரைகல்லே பழுதுடையதாயின் என் செய்வது? ஆதலின், குறிப்பொருளும் முதற்கண் சோதனைக்கு உள்ளாதல் வேண்டும்.

கனடா நாட்டு மான்ட்ரியல் நகரில், மக்கில் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பில் கோல்டு, சாமுவேல் ஃபிரீட்மன் என்னும் இருவர், பெருங்குடற் புற்றுக்கட்டியில் ஒரு பொருளைக் கண்டு 1965-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கருவில் வளரும் குழவியின் குடலிலும் அப்பொருள் இருந்தது. 'சி.இ.ஏ.' என்பது அதன் சுருக்கப்பெயர். 1969-இல் அவர்தம் குழுவினர் அதனைக் குருதியில் அளந்தனர். பெருங்குடற் புற்றுநோயுற்ற 36 பேரில் 35 பேரிடம் அது காணப்பட்டது, நலமுடையாரிடம் காணப்படவில்லை. சிறிது குருதி கொண்டே புற்றுநோயை அறியலாம் என்னும் நம்பிக்கை எங்கும் பிறந்தது.

அந்நம்பிக்கை நெடுநாள் நிலைக்கவில்லை. புகைபிடிப்போரிடமும், கல்லீரல் நலிந்தோரிடமும், குடலழற்சி உடையோரிடமும் அப்பொருள் மிகுந்திருந்தது. தொடக்கநிலைப் புற்றுநோயர் பலரிடம் அது மிகவில்லை. இவ்வேறுபாடு ஏன் நேர்ந்தது? 1978-இல் டேவிட் ரான்சோஹாஃப், ஆல்வன் ஃபைன்ஸ்டீன் என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர் இதனையே எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்கினர். ஆய்ந்தவர் நேர்மையிற் குறையில்லை. ஆய்வுக்கு ஆட்களைத் தெரிந்தெடுத்த முறையிலேயே குறை இருந்தது. முற்றிய நோயரையும் முழு நலமுடையாரையும் பிரித்தறியக் குறிப்பொருள் எதற்கு? மருத்துவரின் கண்ணே போதுமன்றோ!

எனவே, நோய் இன்னதென்று தெளியாது மருத்துவமனைக்கு வருவோரையே, வந்த வரிசையில் ஒருவரையும் விடாது, ஆய்விற் சேர்த்தல் வேண்டும். அவருள் இளநோயரும் இருப்பர். வேறு பிணியால் அதே வயிற்றுவலி கொண்டோரும் இருப்பர். அவர்களிடையே நோயரைப் பிரித்துக் காட்டும் பொருளே பயனுடையது.

குருதியை அளப்போர் அஃது எவருடையது என அறிதலாகாது. குடலினுள் குழாய் செலுத்திக் கண்டும், திசுவை எடுத்து உருப்பெருக்கியில் ஆய்ந்தும் நோயை உறுதி செய்வோர், குருதியின் அளவை அறிதலாகாது. மருத்துவர் வஞ்சகர் என்பது இதன் கருத்தன்று. எதிர்பார்த்ததைக் காணுதல் மனத்தின் இயல்பு. அவ்வுறுதிச் சோதனையும் எல்லார்க்கும் நடைபெறல் வேண்டும். குருதியில் மிகுதி கண்டவரை மட்டும் ஆராய்ந்தால், தப்பிய நோயர் எத்துணையர் என்பது ஒருகாலும் புலப்படாது. எவ்வளவு மிகுந்தால் நோய் எனக் கொள்வது என்பதையும் முன்னரே வரையறுத்தல் வேண்டும். முடிவு கண்டபின் வரையறுத்தல், விடைத்தாள்களைத் திருத்திய பிறகு தேர்ச்சி மதிப்பெண்ணை அமைப்பதை ஒக்கும்.

இனி, ஒரு கணக்கு. 1,000 பேருள் 10 பேர் நோயர் எனக் கொள்வோம். நோயருள் பத்தில் ஒன்பதின்மரைக் காட்டும் சோதனை ஒன்று, நலமுடையாருள் பத்தில் ஒருவரையும் தவறாக நோயர் எனக் காட்டுகிறது. மேலெழுந்தவாறு நோக்கின் அது நல்ல சோதனையே. ஆயினும், அது 9 நோயருடன் நலமுடையார் 99 பேரையும் சேர்த்து, 108 பேரை நோயர் என்று கூறும்! அத்தொண்ணூற்றொன்பதின்மர்க்கும் அச்சமும், பொருட்செலவும், வேண்டாத சோதனைகளின் துன்பமும் உண்டாம். தப்பிய அவ்வொருவரோ, நலமுடையோம் என்று மகிழ்ந்து நோயுடன் இல்லம் திரும்புவார்.

'சி.இ.ஏ.' அளவையை மருத்துவ உலகம் அறவே கைவிடவில்லை. புற்றுநோயைப் புதிதாய்க் கண்டறியும் பணியினின்று அதனை நீக்கினர். கட்டியை அறுத்து நீக்கப்பெற்றவரிடம் நோய் மீண்டும் தலைகாட்டுகின்றதா என்று கண்காணித்தற்கு இன்றும் அதனை அளந்து வருகின்றனர்.