காரைக்குடியில் கல்யாணம், ஊருணிக் கரையில் ரிசப்ஷன்: ஒரு நாளின் நேரத்தை எப்படிப் பிரிப்பது?

காலையில் செட்டிநாட்டு மாளிகையில் முகூர்த்தம். மாலையில் ஊருணிப் படித்துறையில் போட்டோ ஷூட். இருட்டியதும் விளக்கு வெளிச்சத்தில் ரிசப்ஷன். சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் பல ஜோடிகளின் ஆசை இது. காரைக்குடி, கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர் பக்கம் இதற்கு வசதியான வீடுகளும் இருக்கின்றன.

சிக்கல் வருவது டைம்டேபிளில். போட்டோகிராபர் ஒரு நேரம் சொல்வார், புரோகிதர் ஒரு நேரம் சொல்வார், சமையல் மாஸ்டர் இன்னொன்று சொல்வார். நடுவில் மாட்டிக்கொண்டு பசியோடு காத்திருப்பது அப்பத்தாவும் ஆயாவும்தான். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க ஒரே வழி, நம்மால் மாற்ற முடியாத விஷயங்களை முதலில் குறித்துவிட்டு, மற்றதை அவற்றைச் சுற்றி அமைப்பது. செட்டிநாட்டில் அப்படி மாற்ற முடியாதவை மூன்று: முகூர்த்தம், சூரியன், தண்ணீர்.

மாதத்தை முடிவு செய்வது தண்ணீர்

செட்டிநாட்டில் 'லேக் வியூ' என்றால் அது பெரும்பாலும் கண்மாய் அல்லது ஊருணி. இரண்டுமே மழையை நம்பியவை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையில்தான் இவை நிரம்பும். அதனால் தை, மாசியில் பார்த்த தண்ணீர் வைகாசியில் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. ஜனவரியில் இடம் பார்த்து, மே மாதத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தால், கல்யாணத்தன்று வெடித்த களிமண் தரைதான் பின்னணியில் இருக்கும். எந்த மாதத்தில் கல்யாணமோ, அதே மாதத்தில் முந்தைய ஆண்டுகளில் எடுத்த படங்களை ஊர்க்காரர்களிடம் கேட்டுப் பார்ப்பது நல்லது.

அனுமதி யாரிடம்?

மாளிகையை வாடகைக்கு எடுத்தால் எதிரே இருக்கும் ஊருணியும் சேர்ந்து வந்துவிடாது. ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் உள்ள கண்மாய்கள் நீர்வளத் துறையிடம் இருக்கும். அதைவிடச் சிறியவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. ஊருணிகள் பொதுவாக ஊராட்சி அல்லது பேரூராட்சியின் கையில் இருக்கும். காரைக்குடி நகருக்குள் என்றால், 2024 முதல் அது மாநகராட்சி. கோயில் குளம் என்றால் கோயில் நிர்வாகத்தைத்தான் கேட்க வேண்டும்.

இன்னொரு விஷயம். ஊருணி என்ற பெயரே ஊர் உண்ணும் நீர் என்பதிலிருந்து வந்தது. குடிநீருக்காகவே காக்கப்படும் ஊருணிகளில் குளிக்கவும், செருப்போடு இறங்கவும் ஊரில் விட மாட்டார்கள். மிதக்கும் எண்ணெய் விளக்கு, தெர்மாகோல் மேடை, கலர் புகை எல்லாம் அங்கே எடுபடாது. படித்துறைக்கு மேலே, கரையில் வரிசையாக விளக்கு வைத்தாலே தண்ணீரில் அதன் பிம்பம் விழும். படத்துக்கு அது போதும்.

வீட்டுக்கும் அனுமதி வேண்டும். பல மாளிகைகளில் பங்காளிகள் பலருக்கும் பாத்தியதை உண்டு. சாவி வைத்திருக்கும் ஒருவர் சரி என்றால் மட்டும் போதாது. மற்றவர்களின் சம்மதமும் எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டுவிட வேண்டும்.

சூரியன் காத்திருக்காது

காரைக்குடியில் நவம்பர் நடுவில் ஏறக்குறைய 5.50-க்கே சூரியன் மறைந்துவிடும். ஜனவரி நடுவில் 6.10, பிப்ரவரி இறுதியில் 6.25, ஜூனில் 6.35. மறைந்த 20 நிமிடங்களில் நன்றாக இருட்டிவிடும். 'மாலை 6 மணி, சன்செட் ஷூட்' என்று பொதுவாக ஷீட்டில் எழுதினால், நவம்பரில் கதை முடிந்திருக்கும். சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஜோடி கரையில் நிற்க வேண்டும்.

இதில் ஒரு முட்டுக்கட்டையும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் 4.30 முதல் 6 வரை. அழகான வெளிச்சம் இருக்கும் அதே நேரம். போட்டோ எடுப்பதற்குப் பெரியவர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் மோதிரம் மாற்றுவது, கேக் வெட்டுவது போன்றவற்றை அந்த நேரத்தில் வைத்தால் கடைசி நிமிடத்தில் பஞ்சாயத்து வரும். விடுமுறை என்பதற்காக ஞாயிற்றுக்கிழமையைப் பிடிப்பவர்கள் இதை முன்கூட்டியே பேசி முடித்துவிட வேண்டும்.

முகூர்த்தத்திலிருந்து பின்னோக்கி

நகரத்தார் கல்யாணம் என்றால் தாலி கட்டும் அந்த ஒரு நிமிடத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் போதாது. இரு வீட்டாரின் நகரக் கோயில்களிலிருந்தும் மாலை வந்து சேர வேண்டும். மாப்பிள்ளை அழைப்பு, கழுத்துருவோடு திருப்பூட்டுதல், இரு வீட்டாரும் எழுதிக் கையெழுத்திடும் இசைவு பிடிமானம் என்று ஒவ்வொன்றுக்கும் நேரம் வேண்டும். எந்தச் சடங்குக்கு எவ்வளவு நேரம் என்பதை ஈவன்ட் மேனேஜர் முடிவு செய்யக் கூடாது. வீட்டு ஆச்சிகளிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். மற்ற சமூகத்தார் இங்கே வந்து கல்யாணம் வைத்தாலும் இதே முறைதான்: தங்கள் சடங்குகளைப் பட்டியல் போட்டு, முகூர்த்தத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும்.

தை மாதக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, முகூர்த்தம் 9 முதல் 10.15 வரை, 600 விருந்தினர் என்று வைத்துக்கொள்வோம். 10.30-க்கு ராகு காலம் தொடங்குவதால் அதற்குள் முக்கியச் சடங்குகள் முடிய வேண்டும். நாள் இப்படி அமையும்:

• 4.30 – சமையல் கட்டில் அடுப்பு பற்றும். மணமகள் மேக்கப் ஆரம்பம். புடவை, நகை, பூ சேர்த்து மூன்று மணி நேரம்.
• 6.30 – முதல் காலைப் பந்தி.
• 7.45 – மாப்பிள்ளை அழைப்பு.
• 9.00 – 10.15 – திருப்பூட்டுதலும் மற்ற சடங்குகளும்.
• 10.15 – 10.45 – பெரியவர்களிடம் ஆசீர்வாதம்.
• 10.45 – 2.30 – மதியப் பந்தி.
• 2.30 – 4.45 – ஓய்வு. மணமகளுக்கு மட்டும் 3.30-க்கு அடுத்த மேக்கப்.
• 5.15 – 6.20 – ஊருணிக் கரையில் போட்டோ, 6.20-ஐ ஒட்டி சூரியன் மறையும்.
• 7.00 – 9.30 – ரிசப்ஷனும் இரவு விருந்தும்.
• 9.45 – மைக், ஸ்பீக்கர் ஆஃப்.

பந்திக்கு ஏன் மூன்றே முக்கால் மணி நேரம்?

ஒரே நேரத்தில் 120 இலை போடலாம் என்றால் 600 பேருக்கு ஐந்து பந்தி. சாப்பிட அரை மணி. இலை எடுத்து, மேசை துடைத்து, மறுபடி இலை போட 15 நிமிடம். ஆக ஒரு பந்திக்கு 45 நிமிடம், ஐந்துக்கு 3.45 மணி நேரம். செட்டிநாட்டு விருந்தில் அயிட்டங்கள் அதிகம், அவசரப்படுத்தி எழுப்பவும் முடியாது. நேரத்தைக் குறைக்க வேண்டுமென்றால் இலைகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதுதான் வழி. முதல் பந்தியில் வயதானவர்களும் சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களும் உட்கார ஏற்பாடு செய்வது அவசியம்.

வேன் கணக்கு

பாரம்பரிய வீட்டு ஹோட்டல்களில் அறைகள் குறைவு. அதனால் விருந்தினர் பலர் காரைக்குடி லாட்ஜ்களில் தங்கி, சுமார் 15 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கானாடுகாத்தானுக்கு வருவார்கள். பயணம் அரை மணி நேரம்தான். ஆட்களைச் சேர்த்து ஏற்ற இன்னொரு அரை மணி ஆகும். 7.45 அழைப்புக்கு முதல் வேன் 6 மணிக்குள் கிளம்ப வேண்டும். விமானத்தில் வருபவர்களுக்கு மதுரை, திருச்சி இரண்டுமே காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். சென்னையிலிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸில் ஏறுபவர்கள் இரவில்தான் காரைக்குடியில் இறங்குவார்கள். அன்று ஸ்டேஷனுக்கு ஒரு வண்டியும், சாப்பாட்டுப் பொட்டலமும் தயாராக இருக்கட்டும்.

சத்தத்துக்கும் கடிகாரம் உண்டு

ஒலி மாசு விதிகள் 2000-ன்படி, திறந்தவெளியில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. மற்ற நேரத்துக்கும் போலீஸ் அனுமதி வேண்டும். விடியற்கால முகூர்த்தம் வைப்பவர்கள் மைக் இல்லாத நாதஸ்வரத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நீர்நிலை ஓரத்தில் வெடி பற்றி யோசிப்பவர்கள், இதே சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூர் அருகே உள்ள வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை நினைத்துப் பார்க்கலாம். 1977-ல் அறிவிக்கப்பட்ட அந்தச் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி மக்கள், கண்மாய்க்கு வரும் பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. மழை முடிந்து தண்ணீர் நிற்கும் மாதங்கள்தான் பறவைகளுக்கும் சீசன், கல்யாணத்துக்கும் சீசன்.

வீடே சொல்லும் வழி

பர்மா, மலேயா, இலங்கை என்று தொழிலுக்குப் போன செட்டியார்கள் கல்யாணத்துக்கு ஊர் திரும்பினார்கள். அந்த வகையில் டெஸ்டினேஷன் வெட்டிங் செட்டிநாட்டுக்குப் புதிது இல்லை. வீட்டின் அமைப்பும் அதற்கேற்றதுதான். முகப்பில் வரவேற்பு, வளவில் சடங்கு, இரண்டாம் கட்டில் பந்தி, பின்கட்டில் சமையல். ஒரு வேலை இன்னொன்றோடு முட்டாது. டெக்கரேஷன் என்ற பெயரில் வளவை அடைத்து மேடை போட்டால் இந்த ஓட்டம் தடைபடும். ஒரு சடங்குக்கு 15 நிமிடம் கூடும், பந்தி தள்ளிப்போகும், கடைசியில் சூரியன் கைநழுவும்.

அதனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவே 15 நிமிடம் சும்மா விடுவது நல்லது. கையில் கடிகாரத்தோடு நிற்க, இரு வீட்டாருக்கும் பழக்கமான, நாலு பேர் சொல் கேட்கும் ஒரு பங்காளி வேண்டும். ஈவன்ட் மேனேஜர் 'டைம் ஆச்சு சார்' என்றால் நகராத கூட்டம், 'ஐயா, இலை போட்டாச்சு' என்று அவர் சொன்னால் எழுந்துவிடும்.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு தேதி பாக்கி இருக்கிறது. கல்யாணம் நடந்த 90 நாட்களுக்குள் திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டும். மாளிகை வாடகை ரசீதையும் கல்யாணப் பத்திரிகையையும் பத்திரமாக வைத்திருந்தால் அந்த வேலை சுலபம்.