குணத்துக்கு மார்க் போடும் கருவி

கிழக்குத் தாம்பரம் விமானப்படை நிலையத்துக்குள் 8-ஆவது ஏர்மென் செலக்‌ஷன் சென்டர் இயங்குகிறது. அக்னிவீர்வாயு பணிக்கான ஆன்லைன் தேர்வில் தேறியவர்களை அடுத்த கட்டத்துக்கு அழைக்கும் மையங்களில் இதுவும் ஒன்று. 1.6 கிலோமீட்டர் ஓட்டம், தண்டால் எல்லாம் முடிந்தபின் ‘அடாப்டபிலிட்டி டெஸ்ட்’ வருகிறது. முதல் பகுதி கொள்குறி வினாக்கள்: எந்த நிலப்பரப்பிலும் எந்தப் பருவநிலையிலும் வேலை பார்க்கத் தகுந்தவரா என்று பார்ப்பதற்கு. இரண்டாம் பகுதி, படைவாழ்க்கைக்குத் தன்னைப் பழக்கிக்கொள்வாரா என்று பார்ப்பதற்கு. கணக்கு தெரியுமா, ஆங்கிலம் தெரியுமா என்ற கேள்விகள் முந்தைய கட்டத்தோடு முடிந்துவிட்டன. இங்கே கேட்கப்படுவது, ‘நீ எங்களோடு ஒத்துப்போவாயா’ என்பது.

சீருடை இல்லாத இடங்களிலும் இதே கேள்வி உண்டு. தாம்பரம் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்திலோ சிறுசேரியிலோ வேலை தேடும் பொறியியல் பட்டதாரி எழுதக்கூடிய ஆம்கேட் தேர்வில், ஆங்கிலம், லாஜிக் பகுதிகளோடு குணஇயல்பை அளக்கும் பகுதியும் இருக்கிறது. வேலைக்கு வெளியேயோ, தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி கிண்டியில் இறங்குவதற்குள் செல்போனிலேயே முடித்துவிடக்கூடிய இலவசத் தேர்வுகள் ஏராளம். உங்களுக்கு ஏற்ற நாடு எது, நீங்கள் இடதுசாரியா வலதுசாரியா என்று அவை சொல்லிவிடும். பெயர்கள்தான் வேறு, உள்ளே ஓடும் எந்திரம் ஏறக்குறைய ஒன்றே.

அந்த எந்திரத்தின் அடிப்படைப் பாகம் 1932-இல் அமெரிக்க உளவியலாளர் ரென்சிஸ் லைக்கர்ட் வடிவமைத்த அளவுகோல். ஒரு கூற்றைக் கொடுத்து, ‘முழுதும் ஏற்கிறேன்’ முதல் ‘முழுதும் மறுக்கிறேன்’ வரை ஐந்து கட்டங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது. ‘புதியவர்களிடம் நானாகப் போய்ப் பேசுவேன்’ என்பதை முழுதும் ஏற்பவருக்கு 5 மதிப்பெண். சற்றுத் தள்ளி, ‘கல்யாண வீட்டில் ஓரமாக உட்கார்ந்திருப்பதே பிடிக்கும்’ என்று அதே குணத்தைத் தலைகீழாக்கிய கூற்று வரும். இதை முழுதும் ஏற்றால் 5 கிடைக்காது, 1தான். எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டுக்கொண்டே போகிறவரைப் பிடிப்பதற்கான ஏற்பாடு இது. கடைசியில் மதிப்பெண்களைக் கூட்டி, ஏற்கெனவே எழுதிய பல்லாயிரம் பேரின் மதிப்பெண்களோடு ஒப்பிடுகிறார்கள். ‘நீங்கள் கலகலப்பானவர்’ என்று திரையில் தெரிந்தால், அந்தக் கூட்டத்தின் சராசரியைவிடக் கலகலப்பானவர் என்றே பொருள். அந்தக் கூட்டம் எந்த ஊர்க்காரர்கள் என்பதைத் திரை சொல்வதில்லை.

எந்தக் குணங்களை அளப்பது என்ற கேள்விக்கு விடை தேட உளவியலாளர்கள் அகராதியைப் பிரித்தார்கள். 1936-இல் கோர்டன் ஆல்போர்ட்டும் ஹென்றி ஆட்பெர்ட்டும் வெப்ஸ்டர் ஆங்கில அகராதியிலிருந்து மனிதரை விவரிக்கும் 17,953 சொற்களைப் பொறுக்கினார்கள். நிலையான குணத்தைக் குறிப்பவை என்று அவற்றில் 4,504 தேறின. எந்தெந்தச் சொற்கள் ஒரே ஆளிடம் சேர்ந்து வருகின்றன என்று கணக்குப் போட்டு, பிறகு வந்தவர்கள் பட்டியலைச் சுருக்கினார்கள். 1961-இல் அமெரிக்க விமானப்படைக்காக எர்னஸ்ட் டூப்ஸும் ரேமண்ட் கிறிஸ்டலும் செய்த ஆய்வில் திரும்பத் திரும்ப ஐந்து கொத்துகளே கிடைத்தன. புதுமை நாட்டம், பொறுப்புணர்வு, கலகலப்பு, இணக்கம், பதற்றம் என்று இன்று எண்ணப்படும் ‘பிக் ஃபைவ்’ அந்த வழியில் வந்தது. ஆம்கேட்டின் குணப் பகுதிக்கும் அதுவே அடித்தளம்.

இந்த ஐந்தும் எல்லா ஊருக்கும் பொருந்துமா? பொலிவியக் காடுகளில் வாழும் சிமானே மக்கள் 632 பேரிடம் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில் ஐந்து கொத்துகள் தென்படவில்லை. 2019-இல், 23 ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் திரட்டிய 94,751 பேரின் பதில்களை ஆராய்ந்தவர்களுக்கும் ஏமாற்றமே மிஞ்சியது. நேரில் வந்து கேள்வி கேட்பவரிடம் மறுத்துப் பேசத் தயங்கி ‘சரி’ என்று சொல்லிவிடும் பழக்கமும் கணக்கைக் குழப்பியிருந்தது.

நிறுவனத்தின் போக்குக்கு ஒருவர் பொருந்துவாரா என்று பார்க்கும் ‘கல்ச்சர் ஃபிட்’ தேர்வு இன்னொரு படி மேலே போகிறது. 1991-இல் சார்லஸ் ஓ’ரெய்லி, ஜெனிஃபர் சாட்மன், டேவிட் கால்டுவெல் மூவரும் 54 கூற்றுகள் கொண்ட முறையொன்றை வெளியிட்டார்கள். விதிகளைக் கடைப்பிடித்தல், துணிந்து இறங்குதல், குழுவாக வேலை செய்தல் என்று 54 அட்டைகள். நிறுவனத்தை நன்கு அறிந்தவர்கள் அவற்றைத் தங்கள் நிறுவனத்துக்கு மிகப் பொருந்துவதிலிருந்து கொஞ்சமும் பொருந்தாததுவரை ஒன்பது அடுக்காகப் பிரிக்கிறார்கள். வேலைக்கு வருபவர் தன் விருப்பப்படி அதே அட்டைகளைப் பிரிக்கிறார். இரண்டு வரிசைகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதுதான் ‘பொருத்தம்’. எல்லா அட்டையையும் மேலடுக்கில் வைக்க இடமில்லை என்பதால், நல்ல பிள்ளை வேஷம் போடுவது இங்கே சற்றுக் கடினம். அட்டையும் இல்லாமல் நேர்காணலில் மனத்துக்குப் பட்டதை வைத்தே பொருத்தம் பார்த்தால் என்ன ஆகும் என்பதை லாரன் ரிவேராவின் 2012 ஆய்வு காட்டியது. அமெரிக்காவின் பெரிய சட்ட, வங்கி, ஆலோசனை நிறுவனங்களில் ஆளெடுப்பவர்கள் 120 பேரை அவர் பேட்டி கண்டார். தங்களைப் போன்ற பொழுதுபோக்கும் வளர்ப்பும் பேச்சுநடையும் உள்ளவர்களையே அவர்கள் ‘பொருத்தமானவர்’ என்று எடுத்திருந்தார்கள்.

இத்தனை ஓட்டை இருந்தும் முடிவைப் படிப்பவருக்கு ‘அட, இது நான்தான்’ என்று ஏன் தோன்றுகிறது? 1948-இல் உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு குணத்தேர்வு வைத்து, ஆளுக்கொரு அறிக்கை கொடுத்தார். எவ்வளவு சரி என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. எல்லாருக்கும் போனது ஒரே அறிக்கை, அதுவும் பெரும்பாலும் கடையில் விற்ற ஜோசியப் புத்தகம் ஒன்றிலிருந்து திரட்டியது.

அரசியல் தேர்வுகளில் மிகப் புகழ்பெற்றது 2001-இல் தொடங்கிய ‘பொலிட்டிக்கல் காம்பஸ்’. 62 கூற்றுகள், இரண்டு அச்சுகள்: பொருளாதாரத்தில் இடது–வலது, சமூகத்தில் கட்டுப்பாடு–சுதந்திரம். நடுநிலை என்ற கட்டமே கிடையாது, எந்தப் பதிலுக்கு எவ்வளவு மதிப்பெண் என்பதைத் தளம் வெளியிட்டதும் இல்லை. 2017-இல் வந்த ‘எய்ட் வேல்யூஸ்’ 70 கூற்றுகளை நான்கு அச்சுகளில் பிரிக்கிறது. அதன் நிரல் பொதுவெளியில் இருப்பதால் கணக்கை எவரும் சரிபார்க்கலாம்.

பொலிட்டிக்கல் காம்பஸில் ஜோசியத்தைப் பற்றியும் ஒரு கூற்று உண்டு. ஆடி மாதத்தில் வீடு மாறாத, ஆனால் தொழிற்சங்கக் கூட்டம் ஒன்றையும் தவறவிடாத குரோம்பேட்டைக்காரரை அந்த வரைபடத்தில் எங்கே வைப்பது? பிரதீப் சிப்பரும் ராகுல் வர்மாவும் 2018-இல் வெளியிட்ட நூலில், இந்திய வாக்காளர்களைப் பிரிப்பது ஐரோப்பிய இடது–வலது கோடு அல்ல என்று வாதிட்டார்கள். சமூக வழக்கங்களிலும் சொத்துப் பங்கீட்டிலும் அரசு எவ்வளவு தலையிடலாம் என்பது ஒரு அச்சு. ஒதுக்கப்பட்ட பிரிவினருக்கும் சிறுபான்மையினருக்கும் அரசு தனி இடம் தரவேண்டுமா என்பது மற்றொன்று.

தமிழ்நாட்டுக்கு வந்தால் சிக்கல் இன்னும் சுவையானது. ஒரு கூற்றுக்கு எல்லாரும் ஒரே பதில் சொன்னால், அந்தக் கூற்றால் எவரையும் பிரித்தறிய முடியாது. 1982-இல் விரிவாக்கப்பட்ட சத்துணவு, 1994-இல் சட்டமான 69 சதவீத இடஒதுக்கீடு, 1968 முதல் தொடரும் இருமொழிக் கொள்கை ஆகியவற்றை இரண்டு பெரிய திராவிடக் கட்சிகளுமே கைவிடவில்லை. ரேஷன் அரிசியைப் பற்றிய கேள்வி அமெரிக்காவில் மனிதர்களை இரண்டாகப் பிளக்கலாம், பல்லாவரத்தில் அது பெரும்பாலும் வீண் கேள்வி.

ஜெர்மனியில் 2002 முதல் நடக்கும் ‘வால்-ஓ-மாட்’ என்ற தேர்தல்காலத் தேர்வு இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. அரசு நிதியில் இயங்கும் குடிமைக் கல்வி அமைப்பு, இளம் வாக்காளர்களையும் நிபுணர்களையும் உட்காரவைத்துக் கூற்றுகளை எழுதுகிறது. கட்சிகளே அவற்றுக்குப் பதில் தருகின்றன. கட்சிகளைப் பிரித்துக் காட்டாத கூற்றுகள் கழிக்கப்பட்டு, வழக்கமாக 38 மிஞ்சும். உங்கள் பதிலும் கட்சியின் பதிலும் ஒன்றானால் 2, ஒருவர் நடுநிலை என்றால் 1, நேரெதிர் என்றால் 0. உங்களுக்கு முக்கியமானதை இரட்டிப்பாக எண்ணச் சொல்லலாம். தாம்பரம் மாநகராட்சியின் 70 வார்டுகளுக்கு இப்படி ஒன்று எழுதினால் கூற்றுகளுக்குப் பஞ்சமிருக்காது. 2023 டிசம்பரில் திறந்த கிளாம்பாக்கம் முனையத்தோடு வெளியூர்ப் பேருந்துகளை நிறுத்தியது சரியா? 2015 வெள்ளத்தில் முடிச்சூர் மூழ்கியதே, அதற்காக ஏரி, ஆற்றுக் கரைகளில் நெடுநாள் குடியிருப்பவர்களை அகற்றலாமா? இவற்றுக்குப் பதில் சொல்லும்போது ஒரே வீட்டில்கூட ஓட்டு இரண்டாகப் பிரியும்.

கேள்வி எழுதியவர் யார் என்பதோடு, பதில் யாரிடம் போகிறது என்பதும் சேர்ந்தே வருகிறது. 2013-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் மைக்கல் கோசின்ஸ்கியும் குழுவினரும் 58,000 தன்னார்வலர்களின் ஃபேஸ்புக் லைக்குகளை மட்டும் வைத்து, ஒருவர் ஜனநாயகக் கட்சியா குடியரசுக் கட்சியா என்பதை 85 சதவீதத் துல்லியத்தோடு பிரித்தார்கள். 2014-இல் அதே பல்கலைக்கழகத்தின் அலெக்சாண்டர் கோகன் ‘திஸ் இஸ் யுவர் டிஜிட்டல் லைஃப்’ என்ற குணத்தேர்வுச் செயலியைப் பரப்பினார். அது தேர்வெழுதியவரின் விவரங்களோடு அவருடைய நண்பர்களின் விவரங்களையும் அள்ளியது. அள்ளியவை கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற தேர்தல் ஆலோசனை நிறுவனத்துக்குப் போயின. உலகம் முழுதும் 8 கோடியே 70 லட்சம் பேர்வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று ஃபேஸ்புக் 2018 ஏப்ரலில் ஒப்புக்கொண்டது. இந்தியாவில் அந்தச் செயலியை நிறுவியவர்கள் 335 பேர். அவர்கள் வழியாக விவரம் கசிந்திருக்கக்கூடியவர்கள் 5,62,120 பேர். கேள்வித்தாளைக் கண்ணால்கூடப் பார்த்திராத அவர்களுக்காக, சிபிஐ 2021 ஜனவரியில் வழக்குப் பதிவு செய்தது.