அழாத பிள்ளை!

2023 மார்ச்சில் மணாலி போயிருந்தோம். எங்களுக்கு 4 வதில் இரட்டைப் பையன்கள். 9 கி.மீ. நீள அடல் சுரங்கப் பாதையைத் தாண்டி வெளியே வந்தால், ஒரே வெள்ளை!

பனிக் கோட்டும், ரப்பர் பூட்சும் வழியிலேயே வாடகைக்கு எடுத்தோம். பிள்ளைகள் அளவில் கையுறை இல்லை. 'ஊரில் வாங்கிய கம்பளி கையுறையே போதும்'னு நான் தான் சொன்னேன்.

அரை மணி நேரம் ஆட்டம். அப்புறம் பெரியவன், 'குளிருதும்மா' என்று ஊரைக் கூட்டினான். அவனைத் தூக்கிக் கொண்டேன். சின்னவன் சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்தான். சமர்த்து என்று நினைத்தேன்.

டீக்கடை அம்மாள் தான் அவன் கையைத் தொட்டுப் பார்த்தார். நனைந்த கையுறையைக் கழற்றினால், விரல் நுனியெல்லாம் வெளுத்துக் கிடக்கிறது. எனக்கு உயிரே போய் விட்டது. நான் தேய்க்கப் போனேன். என்னவர் அடுப்பருகே தூக்கிப் போனார். இரண்டையும் தடுத்து விட்டார் அந்தம்மா. மரத்த தோலைத் தேய்த்தால் புண்ணாகுமாம். சூடு உறைக்காததால், தீயில் பொசுங்கினாலும் பிள்ளைக்குத் தெரியாதாம். என் அரைகுறை இந்திக்கு அவ்வளவு தான் புரிந்தது.

அவனைத் தன் சால்வைக்குள் இழுத்து, கைகளை அக்குளில் இடுக்கிக் கொண்டார். கொஞ்ச நேரத்தில் விரல் சிவந்து, 'எரியுதும்மா' என்று வீறிட்டான். அந்த அழுகைக்கு நான் சிரித்தேன் என்றால் நம்புவீர்களா?

டீக்கு மட்டும் தான் காசு வாங்கினார்.

அன்று சாயங்காலமே மணாலி கடைத்தெருவில், தண்ணீர் புகாத கையுறை ஆளுக்கு இரண்டு ஜோடி வாங்கினேன், பேரமே பேசவில்லை. மறுநாள் பனியில், 10 நிமிடத்துக்கு ஒரு தரம் கழற்றிப் பார்த்தேன். முதலில், சின்னவன் கையை!

— ஒரு வாசகி, திண்டுக்கல்.