ஸ்டீம் அயர்னில் ஆவி வராவிட்டால்

ஸ்டீம் அயர்னுக்குள் தண்ணீர் கெட்டிலில் கொதிப்பதுபோல் கொதிப்பதில்லை. தொட்டியிலிருக்கும் தண்ணீரை ஒரு சிறு வால்வு சொட்டுச் சொட்டாகக் கீழே விடுகிறது. சொட்டுகள் விழும் இடம், அடித்தகட்டின் மேல் அமைந்த ஆவி அறை. காய்ந்திருக்கும் அந்த உலோகத்தில் பட்டதும் தண்ணீர் ஆவியாகி, சுமார் 1,600 மடங்கு பருத்து, தகட்டின் துளைகள் வழியே வெளியேறுகிறது. ஆகவே ஆவி நின்றுபோனால் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்: தகட்டில் போதிய சூடில்லை, தண்ணீர் சொட்டவில்லை, அல்லது ஆவி போகும் வழி அடைத்திருக்கிறது. இவற்றைப் பெரும்பாலும் பெட்டியைப் பிரிக்காமலேயே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் பார்க்க வேண்டியது சூட்டுக் குமிழ். அதிலுள்ள ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள் ஏறத்தாழ 110, 150, 200 டிகிரி செல்சியஸைக் குறிப்பவை. ஒற்றைப் புள்ளியில் ஆவி வராது. அந்தச் சூட்டில் தண்ணீர் முழுதாக ஆவியாகாமல் துணியில் ஒழுகிவிடும் என்பதால், பல மாடல்களில் சொட்டுத் தடுப்பு வால்வு தானாகவே மூடிக்கொள்கிறது. பாலியெஸ்டர் புடவையைத் தேய்த்த கையோடு பருத்திச் சட்டையை எடுக்கும்போது குமிழை மாற்ற மறப்பது வெகு சாதாரணம். இரண்டு புள்ளிக்கு மேல் திருப்பி, விளக்கு அணையும்வரை காத்திருந்து, அதன் பிறகே ஆவித் திருகைத் திறக்க வேண்டும்.

குமிழ் சரியாக இருந்தும் ஆவி மெலிந்து வந்தால் மின்சாரத்தைச் சந்தேகிக்கலாம். நிமிடத்துக்கு 20 கிராம் தண்ணீரை ஆவியாக்கவே ஏறத்தாழ 850 வாட் தேவை. மின்னழுத்தம் 230 வோல்ட்டிலிருந்து 180-க்கு இறங்கினால், 1,400 வாட் பெட்டி சுமார் 860 வாட்டைத்தான் தரும். கிடைக்கும் சூடு முழுவதும் ஆவிக்கே போய்விட, துணிக்கு எதுவும் மிஞ்சாது. தகடும் ஆறிப்போய்த் தண்ணீரை ஒழுகவிடும். மாலையில் லோ வோல்டேஜ் வரும் பகுதிகளில் இஸ்திரி வேலையைக் காலைக்கு மாற்றிக்கொண்டாலே இந்தக் குறை நீங்கிவிடும்.

இன்னொரு விஷயத்தையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். உண்மையான நீராவி கண்ணுக்குத் தெரியாது. வெள்ளைப் புகையாகத் தெரிவது, அது குளிர்ந்து உண்டாகும் நுண்துளிகள். கோடையில் அறைக் காற்றே சூடாக இருப்பதால் அந்தப் புகை குறைவாகத் தெரியும். ஒரு எவர்சில்வர் தட்டைத் தடித்த துணியால் பிடித்து, துளைகளுக்கு எதிரே சற்றுத் தள்ளிக் காட்டினால் போதும். தட்டில் முத்து முத்தாக நீர் பூத்தால் ஆவி வருகிறது என்று பொருள்.

தட்டு காய்ந்தே இருந்தால், பெட்டி நன்றாகச் சூடேறிய நிலையில், மிகுந்த ஆவியை ஒரே மூச்சில் தரும் பொத்தானை நான்கைந்து முறை அழுத்திப் பார்க்க வேண்டும். அந்தப் பொத்தான் சிறிய பம்பு ஒன்றை இயக்கி, சொட்டு வால்வைத் தொடாமல் தண்ணீரைத் தனி வழியில் அறைக்கு அனுப்புகிறது. பொத்தானுக்கு ஆவி பீறிட்டு வந்து, சாதாரண ஆவி மட்டும் வராவிட்டால் அடைப்பு வால்வில்தான். இரண்டும் வராவிட்டால் பெரும்பாலும் அறையோ துளைகளோ அடைத்திருக்கும்.

அடைப்பு எங்கே இருந்தாலும் காரணம் பெரும்பாலும் ஒன்றே: உப்புத் தண்ணீர். போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடு பட்டதும் கால்சியம் கார்பனேட்டாக மாறிக் கரையாமல் படிந்துவிடும். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஒட்டியிருப்பதும் இதுதான். இந்தியக் குடிநீர்த் தரநிலையான ஐஎஸ் 10500, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. வேறு நீர் ஆதாரம் இல்லாத இடங்களில் 600 வரை அனுமதிக்கிறது. 600 உள்ள தண்ணீரை வாரம் 200 மில்லி ஊற்றினால் ஆண்டுக்குப் பத்து லிட்டர். அது உள்ளே விட்டுச்செல்லக்கூடிய உப்பு ஆறு கிராம். ஊசித் துளையளவே உள்ள வால்வுக்கு அதில் ஒரு துணுக்கே போதும்.

இதற்கு முதல் வைத்தியம், பல மாடல்களில் இருக்கும் செல்ஃப் கிளீன் வசதி. ஆவித் திருகை மூடி, தொட்டியை நிரப்பி, உச்சச் சூட்டில் வைத்து, விளக்கு அணைந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். பெட்டியைச் சிங்க்குக்கு மேல் கிடையாகப் பிடித்து, செல்ஃப் கிளீன் பொத்தானை அழுத்தியபடி முன்னும் பின்னுமாக மெல்ல ஆட்டினால், கொதிநீரும் ஆவியும் கொட்டும். கை துளைகளுக்குக் கீழே போகவே கூடாது. கூடவே வெள்ளையும் பழுப்புமாகச் செதில்கள் விழும். தண்ணீர் தெளிவாக வரும்வரை இரண்டு மூன்று முறை செய்துவிட்டு, பெட்டியை மறுபடி சூடாக்கிப் பழந்துணியில் தேய்த்தால் மிச்சமும் வந்துவிடும். வால்வு ஊசியைக் கழற்றும்படி அமைந்த மாடல்களில், அதை வினிகரில் சில மணி நேரம் ஊறவைத்துக் கழுவி மாட்டலாம்.

வினிகரையோ எலுமிச்சை உப்புக் கரைசலையோ தொட்டியிலேயே ஊற்றும் வழக்கம் பரவலாக உண்டு. அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும் என்பது உண்மை. அலுமினிய அறையையும் ரப்பர் வளையங்களையும் அது அரிக்கும் என்பதும் உண்மை. கையேடு அனுமதித்தாலன்றி அதைத் தவிர்ப்பதே நல்லது. துளைகளை ஊக்கால் குத்துவது அதைவிட மோசம். தகட்டின் பூச்சு கீறினால் துணியை இழுக்கும். ஆறிய தகட்டில், ஈரப் பஞ்சுக் குச்சியால் துளைகளின் விளிம்பைத் துடைப்பது போதும்.

பெட்டி சூடாகவே இல்லை என்றால் கதை வேறு. அடிக்கடி வளையும் இடத்தில் ஒயர் அறுந்திருக்கலாம். மிகைச் சூட்டில் அறுந்துபோகும் பாதுகாப்பு ஃபியூஸ் போயிருக்கலாம். இது மெக்கானிக்கின் வேலை. ஃபியூஸை எடுத்துவிட்டு நேரடியாக ஒயரை இணைத்துத் தருவதை எந்தக் காரணத்தாலும் ஏற்கக் கூடாது. தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டால் பெட்டி தீப்பிடிப்பதைத் தடுக்க அந்த ஃபியூஸை விட்டால் வேறு காவல் இல்லை.

குறை திரும்பாமலிருக்க ஊற்றும் தண்ணீரைக் கவனிக்க வேண்டும். ஆர்ஓ நீர் ஏற்றது. ஆனால் ஆர்ஓ கருவி வெளியே தள்ளும் கழிவு நீரில் உப்பு மேலும் செறிந்திருப்பதால் அதை ஊற்றவே கூடாது. ஏசியிலிருந்து சொட்டும் நீரில் உப்பு இல்லாவிட்டாலும் கம்பிச் சுருளின் தூசியும் அழுக்கும் கலந்திருக்கும். சென்ட், கஞ்சி போன்றவை அறைக்குள் கருகி ஒட்டிக்கொள்ளும். வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கி, மிச்சத் தண்ணீரைக் கொட்டி, பெட்டியை நிமிர்த்தி வைக்க வேண்டும். போர் தண்ணீரைத் தவிர வேறு கதியில்லாத வீடுகளில் மாதம் ஒருமுறையாவது செல்ஃப் கிளீன் செய்வது அவசியம்.