விளையாட்டின் வாயிலில் விளம்பரப் பதுமை

சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று, சந்தாபுராவில் நண்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். அவருடைய ஒன்பது வயது மகன் தாயின் கைபேசியில் பழங்களை அடுக்கும் விளையாட்டில் ஆழ்ந்திருந்தான். இடையே, அரைகுறை ஆடையுடன் ஒரு பெண்ணுருவம் திரையில் தோன்றி வேறொரு விளையாட்டிற்கு அழைத்தது. நம்மைக் கண்டதும் சிறுவன் கைபேசியைக் கவிழ்த்துவிட்டான். “நான் ஒன்றும் செய்யவில்லை மாமா, அதுவாகவே வந்தது” என்றான். அவன் கூறியது முற்றிலும் உண்மை.

இத்தந்திரம் புதிதன்று. 1996இல் இங்கிலாந்தின் டெர்பி நகரத்தார் ‘டூம் ரைடர்’ என்னும் விளையாட்டை ஆக்கினர். அதன் தலைவி லாரா கிராஃப்ட் தொல்பொருள் தேடுபவள். அறிவும் துணிவும் மிக்கவள். விற்பனையாளரோ அவளது உடலையே முன்னிறுத்தினர். அழகியரை அவள் வேடத்தில் உலவவிட்டனர். இவ்வழக்கம் முற்றியதால், 2006இல் அமெரிக்காவின் ‘இ3’ கண்காட்சியில், அரைகுறை ஆடை மங்கையரை நிறுத்தும் கடைகளுக்கு 5,000 டாலர் அபராதம் என்று அறிவிக்க நேர்ந்தது.

2009இல் ‘எவனி’ என்றொரு விளையாட்டு வந்தது. நகரமைத்துப் படை திரட்டுவதே அதன் பொருள். விளம்பரத்திலோ மங்கையர் படங்களே நிறைந்தன; உள்ளே சென்றால் அவர்களைக் காணோம்! சேலத்திற்குச் சீட்டு விற்றுத் தருமபுரியில் இறக்கிவிட்டால் பயணிகள் நம்மைச் சும்மா விடுவார்களா?

இலவச விளையாட்டுக்கு விளம்பரமே வருவாய். விரல்கள் எப்படத்தை மிகுதியாகத் தொடுகின்றனவோ, அதுவே மிகுதியாகக் காட்டப்படும். கைபேசிக் கணக்கு தாயின் பெயரில் இருப்பதால், பார்ப்பவர் வயது வந்தவர் என்றே விளம்பரம் அனுப்பும் இயந்திரம் கருதுகிறது.

நிற்க. பெண்களை இழிவாகச் சித்திரிக்கும் விளம்பரங்களை நம் நாட்டின் 1986ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. முதற்குற்றத்திற்கு இரண்டாண்டு வரை சிறையும், 2,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. 1985இல் தோன்றிய இந்திய விளம்பரத் தர மன்றமும் பொதுமக்களின் முறையீட்டை ஏற்கிறது. ஆயினும் கடல் கடந்து வரும் விளம்பரத்தைச் சட்டத்தின் கை எட்டிப் பிடிப்பது எளிதன்று.

ஆகவே, பெற்றோர்களே, குழந்தையின் வயதைக் குறித்து அவனுக்கெனத் தனிக் கணக்கு அமைத்துக் கொடுங்கள். தகாத விளம்பரம் வந்தால் படமெடுத்து முறையிடுங்கள். பெண் என்றால் தூண்டிற்புழு என்னும் பாடத்தை நம் மகனும் கற்கலாகாது, மகளும் கற்கலாகாது. எல்லாவற்றிற்கும் மேலாக, குழந்தையை அதட்டாதீர்கள். அன்று அச்சிறுவன் கைபேசியைக் கவிழ்த்தது குற்றத்தால் அன்று, அச்சத்தால். “அம்மா, இப்படியொன்று வந்தது” என்று அவன் தானே வந்து சொல்லும் வீடே காவலுள்ள வீடு.